அறிந்ததை மட்டும் சொன்ன கல்

கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகரான ஹாலிஃபாக்ஸில், ஃபேர்வியூ லான் என்ற கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பலோடு மாண்டவர்களில் 121 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். சரிவான நிலத்தில், வளைந்து செல்லும் வரிசைகளாகச் சிறிய கருங்கற்கள் நிற்கின்றன. பெரும்பாலானவை ஒரே அளவு, ஒரே வெட்டு. கப்பலின் உரிமையாளரான வைட் ஸ்டார் லைன் நிறுவனம் தன் செலவில் நட்டவை. இடையிடையே குடும்பத்தாரும் நண்பர்களும் எழுப்பிய பெரிய கற்களும் உண்டு. அந்தப் பெரிய கற்களில் ஒன்றை மட்டும் இறந்தவருக்கு எந்த உறவும் இல்லாதவர்கள் எழுப்பினார்கள். கடலில் மிதந்த சடலங்களைத் தேடி எடுத்து வந்த கப்பலின் மாலுமிகள் அவர்கள்.

டைட்டானிக் பேரழிவுக்குப் பின் மீட்கப்பட்ட, அடையாளம் தெரியாத ஒரு குழந்தையின் நினைவாக இக்கல் எழுப்பப்பட்டது என்றும், 1912 ஏப்ரல் 15 என்றும் அதில் பொறித்திருக்கிறது. வயது இல்லை. ஆணா பெண்ணா என்பதுகூட இல்லை.

அந்தக் குழந்தைக்குப் பெயர் கிடைக்க 95 ஆண்டுகள் ஆயின. அதற்குள் வேறு இரண்டு குழந்தைகளின் பெயர்கள் அந்தக் குழிக்குச் சூட்டப்பட்டு, இரண்டுமே தவறென்று விலக்கப்பட்டன. ஊகம் தவறியது, முதலில் வந்த ஆய்வக முடிவும் தவறியது. கல்லில் வெட்டியிருந்த வாசகம் மட்டும் ஒரு நாளும் தவறாகவில்லை. இறுதியில் பெயரைக் கண்டுபிடித்த பெருமையை மரபணு அறிவியலுக்கு மட்டும் கொடுப்பது வழக்கம். 1912இல் ஹாலிஃபாக்ஸில் சிலர் தங்களுக்கு நேர்ந்த கடமையைச் செய்த விதத்துக்கு அதில் பாதிப் பங்காவது உண்டு. அந்த வரலாற்றைப் படிப்படியாகப் பார்த்தால்தான், பெயரற்ற மரணத்தை ஒரு சமூகம் எப்படி நடத்த வேண்டும் என்பது விளங்கும்.

பிணம் தேடிப் போன கப்பல்

1912 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 11.40க்குப் பனிப்பாறையில் மோதிய டைட்டானிக், மறுநாள் அதிகாலை 2.20க்கு முழுதாக மூழ்கியது. கப்பலில் இருந்த ஏறத்தாழ 2,200 பேரில் சுமார் 1,500 பேர் இறந்தனர். உயிர் தப்பிய எழுநூற்றுச் சொச்சம் பேரைக் கார்பேதியா என்ற கப்பல் நியூயார்க்குக்குக் கொண்டு சென்றது. இறந்தவர்களைத் தேடும் வேலை ஹாலிஃபாக்ஸுக்கு வந்தது. விபத்து நடந்த இடத்துக்கு ஓரளவு அருகில், ரயில் இணைப்போடு கூடிய பெரிய துறைமுகம் அதுதான். அருகில் என்றாலும் இடைப்பட்ட தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

வைட் ஸ்டார் லைன் வாடகைக்கு அமர்த்திய முதல் கப்பல் மக்கே-பென்னட். அட்லாண்டிக் கடலடியில் கிடக்கும் தந்திக் கம்பிகளைப் பழுது பார்ப்பதே அதன் தொழில். ஏப்ரல் 17ஆம் தேதி அது புறப்பட்டபோது கம்பிச் சுருள்களுக்குப் பதிலாகச் சவப்பெட்டிகள், டன் கணக்கில் பனிக்கட்டி, உடல்களைப் பதப்படுத்தும் திரவம் ஆகியவற்றை ஏற்றிச் சென்றது. ஈமச்சடங்குத் தொழில் செய்துவந்த ஜான் ஸ்னோவும், ஆங்கிலிக்கன் பேராலயத்தைச் சேர்ந்த கேனன் கென்னத் ஹைண்ட் என்ற குருவும் உடன் சென்றார்கள். கப்பல் தலைவர் ஃபிரெடரிக் லார்ண்டர்.

மக்கே-பென்னட் மொத்தம் 306 உடல்களைக் கண்டெடுத்தது. எதிர்பார்த்ததைவிட இது மிக அதிகம். பதப்படுத்தும் திரவமும் சவப்பெட்டிகளும் போதவில்லை. 116 உடல்களுக்கு எடை கட்டி, ஜெபம் சொல்லி, மறுபடியும் கடலிலேயே இறக்கினார்கள். மீதி 190 உடல்களோடு ஏப்ரல் 30 அன்று கப்பல் திரும்பியது. பின்னர் அனுப்பப்பட்ட மினியா, மாண்ட்மக்னி, அல்ஜரின் ஆகிய மூன்று கப்பல்களும் சேர்ந்து மேலும் 22 உடல்களையே எடுத்தன. அவற்றிலும் மூன்று கடலிலேயே இறக்கப்பட்டதால், கடைசியில் ஹாலிஃபாக்ஸ் வந்து சேர்ந்தவை 209. அவற்றில் 59 உடல்களைக் குடும்பங்கள் தங்கள் ஊர்களுக்கு எடுத்துச் சென்றன. எஞ்சிய 150 பேரை நகரத்தின் மூன்று இடங்களில் அடக்கம் செய்தார்கள்: ஃபேர்வியூ லானில் 121, கத்தோலிக்கருக்கான மவுன்ட் ஆலிவெட்டில் 19, யூதர்களுக்கான பரோன் டி ஹிர்ஷ் கல்லறைத் தோட்டத்தில் 10.

எண்ணிட்டவர்

ஹாலிஃபாக்ஸுக்கு இது புதிய துயரம் அல்ல. 39 ஆண்டுகளுக்கு முன், 1873 ஏப்ரல் 1 அன்று, இதே வைட் ஸ்டார் லைனுக்குச் சொந்தமான அட்லாண்டிக் என்ற நீராவிக் கப்பல் நகரத்தை அடுத்த லோயர் பிராஸ்பெக்ட் கரையோரப் பாறைகளில் மோதி உடைந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெண்கள் ஒருவரும் தப்பவில்லை. குழந்தைகளில் ஒரே ஒரு சிறுவன் பிழைத்தான். இறந்தவர்களில் மிகப் பலர் பெயரில்லாமல் பொதுக்குழிகளில் புதைக்கப்பட்டார்கள். யார் எங்கே கிடக்கிறார்கள் என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

1912இல் அப்படி நேராமல் தடுத்தவர் மாகாணத்தில் மரணப் பதிவுகளைக் கவனித்த அதிகாரி ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட். அவர் வகுத்த முறை மிக எளிது. கடலிலிருந்து தூக்கிய வரிசைப்படி ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண். பால், மதிப்பிட்ட வயது, முடியின் நிறம், தழும்பு, பச்சை குத்திய அடையாளம், உடுப்பு எல்லாவற்றையும் அந்த எண்ணின் கீழ் எழுத வேண்டும். சட்டைப்பையில் இருந்தவை, விரலில் கிடந்தவை அனைத்தும் அதே எண்ணிட்ட துணிப்பையில் போட்டுக் கட்டப்பட வேண்டும். உடல், பதிவு, உடைமை ஆகிய மூன்றும் ஒரே எண்ணால் கட்டுண்டிருக்கும். இன்று பெயர் தெரியாவிட்டாலும் நாளை ஒரு தாயோ அண்ணனோ வந்து சங்கிலியையும் தழும்பையும் சொல்லும்போது, எந்தக் குழி என்று சொல்லிவிடலாம்.

இந்த முறையின் வலு ஐந்தே ஆண்டுகளில் தெரிந்தது. 1917 டிசம்பர் 6 அன்று வெடிமருந்து ஏற்றிய மான்-பிளாங்க் கப்பல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடித்துச் சிதறி, ஏறத்தாழ 2,000 பேர் இறந்தபோது, பிணவறைப் பொறுப்பை ஏற்றவர் பார்ன்ஸ்டெட்டின் மகன் ஆர்தர். அப்பாவின் முறையையே அவர் பின்பற்றினார்.

எண் 4

ஏப்ரல் 21ஆம் தேதி, தேடலின் முதல் நாளிலேயே, மாலுமிகள் ஒரு சிறு குழந்தையின் உடலைக் கண்டெடுத்தார்கள். அதற்குக் கிடைத்த எண் 4. பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்: ஆண், வயது 2 இருக்கலாம், வெளிர்நிற முடி. கழுத்துப்பட்டியிலும் கைவிளிம்பிலும் மென்மயிர் வைத்துத் தைத்த சாம்பல் நிறக் கோட்டு, பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை, உள்பாவாடை, ஃபிளானல் துணி, இளஞ்சிவப்புக் கம்பளி உள்ளாடை, பழுப்புக் காலணி, காலுறை. அடையாளக் குறி எதுவும் இல்லை. அநேகமாக மூன்றாம் வகுப்பு.

இந்தப் பதிவில் கண்ணால் கண்டவை தனியாகவும் எழுதியவரின் கணிப்பு தனியாகவும் நிற்கின்றன. துணியின் நிறம், காலணியின் நிறம் போன்றவை உறுதியாகச் சொல்லப்படுகின்றன. வயது மதிப்பீடு என்றே குறிக்கப்படுகிறது. வகுப்போடு ‘அநேகமாக’ சேர்ந்துகொள்கிறது. அழுதுகொண்டும் குளிரில் நடுங்கிக்கொண்டும் எழுதப்பட்டிருக்கக்கூடிய ஒரு பதிவில் இந்த ஒழுங்கு காப்பாற்றப்பட்டிருக்கிறது. பின்னாளில் வந்தவர்கள் எல்லாம் இந்தச் சில வரிகளைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

குழந்தையைக் கேட்டு யாரும் வரவில்லை. அடக்கச் செலவை ஏற்க நகரத்தில் பலர் முன்வந்தார்கள். ஆனால் அந்த உரிமையை மக்கே-பென்னட் மாலுமிகள் விட்டுக்கொடுக்கவில்லை. மே 4 அன்று செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் வழிபாடு நடந்தது. பூக்களால் மூடிய சிறிய வெள்ளைச் சவப்பெட்டியை ஆறு மாலுமிகள் சுமந்து வந்தார்கள். உள்ளே ஒரு செம்புப் பதக்கம் வைக்கப்பட்டது. ‘எங்கள் குழந்தை’ என்ற பொருள்படும் இரண்டு சொற்கள் அதில் பொறித்திருந்தன. நினைவுக் கல்லின் செலவும் அவர்கள் கையிலிருந்தே போனது.

யாரைக் கடலில் விட்டார்கள், யாரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்

மாலுமிகளின் இரக்கத்தை எழுதும்போது அதே கப்பலில் நிலவிய வர்க்க ஒழுங்கை மறைத்துவிடக் கூடாது. முதல் வகுப்புப் பயணிகளின் உடல்கள் பதப்படுத்தப்பட்டுச் சவப்பெட்டிகளில் வைக்கப்பட்டன. இரண்டாம், மூன்றாம் வகுப்பினரின் உடல்கள் கித்தான் துணியில் சுற்றப்பட்டன. கப்பல் ஊழியர்களின் உடல்கள் ஹாலிஃபாக்ஸ் துறையில் மூடாத தூக்குப்படுக்கைகளில் இறக்கப்பட்டன. கடலில் இறக்கப்பட்ட 116 பேரில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பினரும் ஊழியர்களும்தான். சொத்து, காப்பீடு, வாரிசுரிமை வழக்குகள் எழக்கூடியவர்களின் உடல்களைக் கரைக்குக் கொண்டுவருவது அவசியம் என்பது லார்ண்டர் கொடுத்த விளக்கம். சொத்து உள்ளவனின் மரணத்துக்குச் சான்று வேண்டும். இல்லாதவனின் மரணத்துக்கு வேண்டாம் என்பதே இதற்குப் பொருள். அந்தக் கணக்குப்படி பார்த்தால், மூன்றாம் வகுப்பு என்று கணிக்கப்பட்ட, பெயரில்லாத எண் 4 கடலுக்கே திரும்பியிருக்க வேண்டும். மாலுமிகள் அதைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

கப்பல் மூழ்கிய இரவிலும் இதே வேற்றுமை இருந்தது. பிரிட்டனில் மெர்ஸி பிரபு தலைமையில் நடந்த விசாரணையின் கணக்குப்படி, மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த 79 குழந்தைகளில் தப்பியவர்கள் 27 பேர். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் இறந்துபோனார்கள். முதல் இரண்டு வகுப்புகளையும் சேர்த்து இறந்த குழந்தை ஒன்றே ஒன்று: முதல் வகுப்பில் பெற்றோரோடு வந்த லோரெய்ன் அலிசன் என்ற 2 வயதுச் சிறுமி. மூன்றாம் வகுப்பினர் பாகுபாட்டோடு நடத்தப்படவில்லை என்றே அந்த விசாரணை முடிவு செய்தது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூட அது சாட்சியாக அழைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமலே அவர்களுக்குக் குறையொன்றும் நேரவில்லை என்று எழுதிய அறிக்கைக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதை வாசகர் தாமே முடிவு செய்யலாம்.

இந்தப் பின்னணியில் மாலுமிகள் எழுப்பிய கல் கனம் கூடுகிறது. படகுத் தளத்துக்குப் போகும் வழி தெரியாமல் கீழ்த்தளங்களில் தவித்த குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் உடலும் கிடைக்கவில்லை, கல்லும் இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட அந்தக் குழந்தைகள் எல்லோருக்குமான கல்லாக இது ஆகிவிட்டது.

பொருத்தமாக இருந்த ஊகம்

பெயர் தெரியாத குழந்தைக்கு ஒரு பெயரைத் தேடிக் கொடுக்க மக்கள் மனம் தவித்தது. அந்தத் தவிப்புக்குப் பதில் கல்லறைத் தோட்டத்திலேயே கிடைப்பதுபோல் தோன்றியது. குழந்தையின் குழிக்கு மிக அருகில் அல்மா போல்சன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. சிகாகோவில் வேலை பார்த்த கணவர் நில்ஸிடம் சேர்வதற்காக நான்கு பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பில் ஏறியவர் அவர். ஐவரும் இறந்தார்கள், அல்மாவின் உடல் மட்டும் 206 என்ற எண்ணோடு கரை சேர்ந்தது. அவருடைய கல்லில் நான்கு பிள்ளைகளின் பெயரும் வயதும் வெட்டப்பட்டுள்ளன. கடைசிக் குழந்தை யோஸ்தாவுக்கு வயது 2.

2 வயது, ஆண், மூன்றாம் வகுப்பு. எல்லாம் ஒத்துப்போயின. பெயரற்ற குழந்தை யோஸ்தாதான் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. தாயின் பக்கத்திலேயே பிள்ளை வந்து படுத்திருக்கிறான் என்ற எண்ணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஆறுதல் தந்தது. அந்த ஆறுதலே அதற்குச் சான்றாகவும் ஆகிவிட்டது. பதிவேட்டை மறுபடி பார்த்திருந்தால், அதே விவரங்களுக்குப் பொருந்தக்கூடிய வேறு குழந்தைகளும் அந்தக் கப்பலில் இருந்தது தெரிந்திருக்கும். பிற்பாடு ஆய்வாளர்கள் அவ்விதம் தேர்ந்தெடுத்த சிறுவர்கள் ஆறு பேர். ஸ்வீடன், பின்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து என்று பல மண்ணைச் சேர்ந்த குடும்பங்கள்.

மண் திறந்தபோது

1990களின் இறுதியில் பனுலா என்ற பின்லாந்துக் குடும்பத்தின் உறவினர்களும் ஹாலிஃபாக்ஸ் ஆய்வாளர் ஆலன் ரஃப்மனும் குழந்தையின் கல்லறையைத் திறந்து பார்க்க முயற்சி எடுத்தார்கள். அனுமதி கிடைத்து, 2001 மே மாதம் குழி தோண்டப்பட்டது. ஆய்வுக்குப் பொறுப்பேற்றவர் ஒன்டாரியோவில் உள்ள லேக்ஹெட் பல்கலைக்கழகத்தின் ரயன் பார். அப்போது திறக்கப்பட்ட மற்றக் குழிகளில் மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த நிலத்தின் ஈரமும் அமிலமும் எலும்பையெல்லாம் கரைத்துவிட்டிருந்தன.

எண் 4இன் குழியில் மட்டும் கொஞ்சம் எஞ்சியிருந்தது. கை எலும்பின் சுமார் 6 சென்டிமீட்டர் நீளத் துண்டு ஒன்று, பற்கள் மூன்று. அரித்துப்போன செம்புப் பதக்கத்தை ஒட்டி அந்த எலும்புத் துண்டு காப்பாற்றப்பட்டிருந்தது. பதக்கம் இல்லாதிருந்தால் எலும்பும் இல்லை. எலும்பு இல்லாதிருந்தால் ஆய்வும் இல்லை. 1912இல் மாலுமிகள் யாருக்கும் மரபணு என்ற ஒன்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குழந்தை உறவில்லாமல் மண்ணுக்குள் போகக்கூடாது என்று அவர்கள் வைத்த பொருள், 89 ஆண்டுகள் அந்தச் சான்றைப் பிடித்து வைத்திருந்தது.

ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ. இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். தாய், தாயின் தாய், தாயுடன் பிறந்த பெண்கள், அவர்களின் பிள்ளைகள் என்று பெண்வழியில் ஏறக்குறைய மாறாமல் இறங்கும். ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால், சிதைந்துபோன எலும்பிலும் சிறிது மிஞ்சக்கூடும். எனவே ஆறு குடும்பங்களின் பெண்வழி உறவினர்களை உலகெங்கும் தேடிப் பிடித்து ஒப்பிட வேண்டியிருந்தது. வம்சாவளி ஆய்வாளர்கள் தேவாலயப் பதிவுகளையும் குடிபெயர்ந்தோர் பட்டியல்களையும் புரட்டி அதைச் செய்து முடித்தார்கள்.

ஒப்பீட்டில் யோஸ்தா போல்சன் விலகினான். ஆய்வு செய்த முதல் மரபணுப் பகுதியில் பனுலா குடும்பமும் இங்கிலாந்தைச் சேர்ந்த குட்வின் குடும்பமும் ஆகிய இரண்டு மட்டும் ஒத்துப்போயின. இரண்டில் எது என்பதைப் பற்கள் தீர்மானித்தன. அவற்றின் வளர்ச்சியைப் பார்த்த வல்லுநர்கள் குழந்தைக்கு ஒன்றரை வயதுக்கும் குறைவாகவே இருக்கும் என்று கணித்தார்கள். பனுலா குழந்தை எய்னோவுக்கு 13 மாதம்; குட்வின் குழந்தைக்கு 19 மாதம். 2002 நவம்பரில், பெயரற்ற குழந்தை எய்னோ வில்யாமி பனுலா என்று அறிவிக்கப்பட்டது. பென்சில்வேனியாவில் இருந்த தந்தையிடம் போகும் வழியில் தாய் மரியாவோடும் நான்கு அண்ணன்மாரோடும் மாண்ட குழந்தை எய்னோ.

எரிக்க மனம் வராத காலணி

அதே 2002இல் ஹாலிஃபாக்ஸில் உள்ள அட்லாண்டிக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஜோடிச் சிறிய பழுப்புத் தோல் காலணிகள் வந்து சேர்ந்தன. கொடுத்தவர் கிளாரன்ஸ் நார்த்தோவர் என்ற காவல் துறை சார்ஜென்ட்டின் பேரன். 1912இல் சடலங்களையும் உடுப்புகளையும் காவல் காத்தவர்களில் ஒருவர் நார்த்தோவர். டைட்டானிக் பொருள் என்று எதையாவது எடுத்து விற்க ஆட்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க உடுப்புகளை எரித்துவிடும்படி உத்தரவு. நார்த்தோவர் எல்லாவற்றையும் எரித்தார். குழந்தையின் காலணிகளை மட்டும் நெருப்பில் போட அவருக்கு மனம் வரவில்லை. காவல் நிலையத்தில் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். உறவினர் யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. 1918இல் ஓய்வு பெற்றபோது காலணிகளை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

இது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை மட்டுமே என்றால் யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பதிவேட்டின் எண் 4இன் கீழ் பழுப்புக் காலணி எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரியால் இழுப்பறைக் காலணி ஆவணமாக உயர்ந்தது. அதன் அளவைப் பார்த்தபோது சிக்கல் எழுந்தது: 13 மாதக் குழந்தையின் காலுக்கு அது மிகப் பெரிது.

ஆய்வாளர்கள் தங்கள் அறிவிப்பைக் காப்பாற்றிக்கொள்ள முயலவில்லை. மறுபடி ஆரம்பித்தார்கள். இம்முறை அமெரிக்க இராணுவத்தின் டி.என்.ஏ. அடையாள ஆய்வகமும் சேர்ந்துகொண்டது. போரில் காணாமல்போன வீரர்களின் எலும்புகளை அடையாளம் காணும் நிறுவனம் அது. மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் முன்பு பார்க்காத பகுதிகளையும் படித்தார்கள். அங்கே இரண்டு குடும்பங்களும் பிரிந்தன. எலும்பு குட்வின் பக்கம் நின்றது. 2007இல் ரயன் பார் புதிய முடிவை அறிவித்தார். முழு ஆய்வும் 2011இல் தடய மரபியல் இதழ் ஒன்றில் வெளியானது.

முதல் முடிவு பொய்யோ கவனக்குறைவோ அல்ல. கிடைத்த தரவு இரண்டு பேரைச் சுட்டியபோது, வயதுக் கணிப்பை வைத்து ஒருவரைத் தேர்ந்தார்கள். வயதுக் கணிப்பின் நிச்சயமின்மை அறிவிப்பில் கரைந்துபோனது. பார்ன்ஸ்டெட்டின் பதிவேடு ‘2 இருக்கலாம்’ என்று ஒரு மதிப்பீட்டை மதிப்பீடாகவே விட்டுவைத்திருந்தது. 90 ஆண்டுகள் கழித்து, 19 மாதம் என்ற உண்மைக்கு அந்தப் பழைய மதிப்பீடே நெருக்கமாக இருந்தது.

சிட்னி லெஸ்லி குட்வின்

குழந்தையின் பெயர் சிட்னி லெஸ்லி குட்வின். பிறந்தது 1910 செப்டம்பர் 9, இங்கிலாந்தின் வில்ட்ஷர் பகுதியில் உள்ள மெல்க்‌ஷம் ஊரில். தந்தை ஃபிரெடரிக், தாய் அகஸ்டா. ஆறு பிள்ளைகளில் சிட்னி கடைக்குட்டி. மூத்தவள் லில்லியனுக்கு 16 வயது. நயாகரா நீர்வீழ்ச்சியை ஒட்டிய அமெரிக்க ஊரில் ஃபிரெடரிக்கின் சகோதரர் இருந்தார். அங்கே மின்நிலையத்தில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் குடும்பம் முழுவதும் புறப்பட்டது. அந்த ஆண்டு பிரிட்டனில் நடந்த நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பல கப்பல்கள் துறையிலேயே நின்றுவிட, பயணிகள் டைட்டானிக்குக்கு மாற்றப்பட்டார்கள். குட்வின் குடும்பமும் அப்படி மாற்றப்பட்டதே என்று சொல்லப்படுகிறது.

எட்டுப் பேரும் இறந்தார்கள். அடையாளம் காணப்பட்ட உடல் சிட்னியுடையது மட்டுமே. அந்தக் குடும்பத்துக்கு மண்ணில் இருக்கும் ஒரே இடம், உறவில்லாத மாலுமிகள் கொடுத்த இடம்.

2008 ஆகஸ்டில் குட்வின் உறவினர்கள் ஃபேர்வியூ லானில் கூடி நினைவு வழிபாடு நடத்தினார்கள். சிட்னியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. டைட்டானிக்கில் இறந்த ஏறத்தாழ 50 குழந்தைகளின் பெயர்கள் வாசிக்கப்பட்டன, ஒவ்வொரு பெயருக்கும் மணி ஒலித்தது. கல்லை மாற்றுவதா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. குடும்பம் மாற்ற வேண்டாம் என்றது. பழைய வாசகம் அப்படியே இருக்க, சிட்னியின் பெயரும் தேதிகளும் அடியில் தனியாகச் சேர்ந்தன.

இந்த முடிவைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வரலாற்றுப் பார்வையிலும் இதுவே சரி. 1912இல் ஹாலிஃபாக்ஸ் எதை அறிந்திருந்தது என்பதைப் பழைய வாசகம் சொல்கிறது. 2007இல் எதை அறிந்தோம் என்பதைப் புதிய பெயர் சொல்கிறது. ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதியிருந்தால், அந்த மாலுமிகள் யாருடைய பிள்ளை என்று தெரியாமலேதான் அந்தக் குழந்தையை ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தி கல்லிலிருந்து போயிருக்கும்.

கல்லறைகள் எவ்வளவு எளிதாகத் தவறாகப் படிக்கப்படும் என்பதற்கு அதே தோட்டத்தில் இன்னொரு சான்று உண்டு. ‘ஜே. டாசன்’ என்று பொறித்த, 227ஆம் எண் கல், நிலக்கரி தள்ளும் வேலை செய்த ஜோசப் டாசன் என்ற தொழிலாளியினுடையது. 1997இல் டைட்டானிக் திரைப்படம் வந்த பிறகு, அதன் கதாநாயகன் ஜாக் டாசனுடைய கல்லறை என்று எண்ணிக்கொண்டு ரசிகர்கள் அங்கே பூ வைத்தார்கள். கற்பனைப் பாத்திரத்துக்காகக் கண்ணீர் விடுவதில் தவறில்லை. ஆனால் கொதிகலன் அறைகளில் உழைத்த உண்மையான ஒரு மனிதனின் பெயர், அவன் கல்லிலேயே அவனிடமிருந்து பறிபோவது சிறிய இழப்பல்ல.

இன்றைய கடலும் எண்ணிட்ட குழிகளும்

நாடு விட்டு நாடு பிழைக்கப் போகும் ஏழைக் குடும்பங்கள் கடலில் மாள்வது 1912உடன் முடிந்துவிடவில்லை. 2013 அக்டோபர் 3 அன்று இத்தாலியின் லம்பெடூசா தீவை ஒட்டி மூழ்கிய படகில் 360க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2015 ஏப்ரல் 18 அன்று லிபியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே ஒரு மீன்பிடிப் படகு மூழ்கி எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆழ்கடலில் கிடந்த அந்தப் படகை இத்தாலியக் கடற்படை 2016இல் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தது. மிலான் பல்கலைக்கழகத் தடயவியல் மருத்துவர் கிறிஸ்டினா கட்டானியோவின் குழு ஒவ்வோர் உடலுக்கும் எண்ணிட்டு, உடுப்பையும் உடைமையையும் ஆராய்ந்தது. ஏறத்தாழ 14 வயதுச் சிறுவன் ஒருவனின் மேற்சட்டையில் ஒரு காகிதம் உள்ளே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. மாலி நாட்டுப் பள்ளியில் அவன் வாங்கிய மதிப்பெண் பட்டியல் அது. தான் நன்றாகப் படிக்கும் பிள்ளை என்பதற்குச் சான்றாக அதை அவன் சுமந்து வந்திருக்க வேண்டும்.

கட்டானியோ செய்வதும் பார்ன்ஸ்டெட் செய்ததும் அடிப்படையில் ஒரே வேலை. வேறுபாடு அளவில் இருக்கிறது. 2014 முதல் மத்தியதரைக் கடலில் இறந்தோர், காணாமல்போனோர் எண்ணிக்கை 30,000ஐத் தாண்டிவிட்டது என்று புலம்பெயர்வோருக்கான சர்வதேச அமைப்பு கணக்கிடுகிறது. அவர்களில் பெரும்பாலோரின் உடல்கள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் பலர் எண்ணோ தேதியோ மட்டும் உள்ள குழிகளில் கிடக்கிறார்கள். விமான விபத்தில் செல்வந்தர்கள் இறந்தால் சில வாரங்களில் ஒவ்வோர் உடலுக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. அகதிப் படகு மூழ்கினால் அந்த வேகமும் செலவும் ஏற்பாடும் வருவதில்லை. மக்கே-பென்னட் தளத்தில் சவப்பெட்டிக்கும் கித்தானுக்கும் இடையே இருந்த வேற்றுமை இன்று ஆய்வகங்களின் வரவுசெலவுத் திட்டங்களில் தொடர்கிறது.

பெயர் இறந்தவருக்கு வேண்டியதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். உயிரோடு இருப்பவர்களுக்கு அது வேண்டும். காணாமல்போனவரின் மனைவி மறுமணம் செய்யவும், பிள்ளை வாரிசுச் சான்று பெறவும், தாய் காத்திருப்பதை நிறுத்தவும் ஒரு மரணச் சான்றிதழ் தேவைப்படுகிறது. இவையெல்லாம் 1912இல் சொத்து உள்ளவர்களுக்கு மட்டுமே உரியவையாகக் கருதப்பட்டன. ஏழைக்கும் உரியவை என்று ஏற்றுக்கொண்டால், அதற்கான வேலை உடல் கரை சேர்ந்த முதல் மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும்.

அந்த வேலை என்னவென்று ஹாலிஃபாக்ஸ் காட்டிவிட்டது. கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். கணிப்பைக் கணிப்பு என்றே குறிக்க வேண்டும். உடைமையை அழிக்கக் கூடாது. ஒவ்வோர் உடலுக்கும் தனிக் குழியும் மாறாத எண்ணும் வேண்டும். பெயர் தெரியாவிட்டால், ஆறுதலுக்காக ஒரு பெயரைப் பொருத்தாமல், தெரியவில்லை என்றே எழுத வேண்டும். சிட்னி குட்வினின் குடும்பத்துக்கு அவன் திரும்பக் கிடைத்தது இவற்றாலும், உத்தரவை மீறி ஒரு காவலர் காலணியை வைத்திருந்ததாலும், மாலுமிகள் ஒரு பதக்கத்தை வைத்ததாலும்தான். அந்த இரண்டு செயல்களும் தற்செயலாக உதவின. இனி வரும் குழந்தைகளின் பெயர் அப்படிப்பட்ட தற்செயலை நம்பி இருக்கக் கூடாது. தந்தியும் பேனாவும் துணிப்பையும் வைத்துக்கொண்டு ஒரு துறைமுக நகரம் 1912இல் செய்ததை, இன்றைய கருவிகளைக் கையில் வைத்திருக்கும் எந்த அரசும் ‘எங்களால் இயலாது’ என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.